மணத்திற்கு எத்தனை பேர் வேண்டும்?

மகளுக்கு மணம் உறுதியானதும் தமிழ்நாட்டுத் தந்தை முதலில் பெட்டியிலிருந்து எடுப்பது மொய்ச் சுவடியைத்தான். கடந்த இருபது ஆண்டுகளில் தம் வீட்டு விழாக்களுக்கு எவரெவர் எவ்வளவு எழுதினர், எவரெவர் வீட்டில் தாம் எவ்வளவு எழுதினார் என்னும் கணக்கு அதில் இருக்கின்றது. அப்பெயர்களை ஒன்றும் விடாமல் வேறொரு தாளில் பெயர்த்தெழுதுகின்றார். அலுவலகத்தார், தெருவார், கட்சியார், மணமகன் வீட்டார் கொடுத்தனுப்பிய நீண்ட பட்டியல் எல்லாம் அதனோடு சேர்கின்றன. எண்ணூறு ஆயிரமாகின்றது. தலை பெருகப் பெருக மண்டபம் பெரிதாகின்றது. மண்டபம் பெரிதாகச் சமையற்காரர், பந்தற்காரர், படம் பிடிப்போர் என்று ஒவ்வொருவர்க்கும் கொடுக்கும் முன்பணம் ஏறுகின்றது. நிலம் ஈடு வைக்கப்படுகின்றது. மணமக்கள் மறுவீடு சென்று திரும்புவதற்குள் வட்டிக்காரர் வாயிலில் வந்து நிற்கின்றார்.

இவ்வளவு ஆரவாரத்திற்கிடையில் எவரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. ஒரு திருமணம் திருமணமாவதற்கு மெய்யாகவே எத்தனை பேர் வேண்டும்?

சட்டத்தைக் கேட்டால் வியப்பான விடை கிடைக்கின்றது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணமகன், மணமகள், திருமண அலுவலர், சான்றாளர் மூவர்; ஆக அறுவர். ஏழாமவர் வந்தால் விருந்தினர்; வாராவிடினும் மணத்திற்கு ஒரு குறையுமில்லை. பிற நாடுகளில் இது புதுமையுமன்று. பிரான்சு நாட்டில் 1792 முதல் ஊர்மன்றத்தில் நடக்கும் மணமே சட்டப்படியான மணம். சமயச் சடங்கு வேண்டுவோர் அதன் பின்னரே தம் கோயிலுக்குச் செல்லலாம். சான்றாளர் இருவருக்குக் குறையாமலும் நால்வருக்கு மிகாமலும் இருப்பர். அமெரிக்காவில் சான் பிரான்சிசுகோ மாநகர மன்றம் 1915-இல் எழுப்பப்பட்ட பெருங்குவிமாடம் உடைய மாளிகை. ஆயிரம் பேரை நிறுத்தினாலும் நிரம்பாத அந்த மாளிகையில் மாநகர ஆட்சியின் வழி மணம் செய்துகொள்ள வருவோர் தம்முடன் ஆறு விருந்தினருக்குமேல் அழைத்து வரக் கூடாது. படம் எடுப்பவரும் சிறு குழந்தையும் அந்த ஆறில் அடக்கம். மன்றம் பெரிது, கூட்டம் சிறிது. தமிழ்நாட்டிலோ கூட்டம் பெரிது. மணமக்கள் வாய் திறந்து ஒரு சொல் சொல்லும் நேரந்தான் சிறிது.

தமிழ்நாட்டில் ‘பதிவுத் திருமணம்’ என்னும் பெயர் இரு வேறு செயல்களைக் குறிக்கின்றது. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றது. ஒன்று, பதிவு அலுவலகத்திலேயே திருமண அலுவலர் முன்னிலையில் மணம் செய்துகொள்வது. அது மேற்சொன்ன 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி. மற்றொன்று, வீட்டிலோ மன்றத்திலோ மணத்தை முடித்துக்கொண்டு, அது நடந்ததென்று அலுவலகத்திற் பதிவது. இப்பதிவைத் தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம் 2009 முதல் எல்லாச் சமயத்தார்க்கும் கட்டாயமாக்கியுள்ளது. மணநாளிலிருந்து 90 நாள்களுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதற் கட்டணத்தோடு மேலும் 60 நாள். முதல் வழியில் அலுவலகமே மணவறை. இரண்டாம் வழியில் அது கணக்கேடு மட்டுமே. சிறிய அளவில் மணம் செய்ய விழையும் குடும்பம் இவற்றுள் எதனைக் கொள்வது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டிற்கும் கால அளவு வேறு, இடரும் வேறு.

தமிழன்பர் பலர் உற்றுநோக்காத செய்தி ஒன்று 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் உள்ளது. அலுவலர் எத்தனை தாள்களில் முத்திரையிட்டாலும், மணமகன் மணமகளையும் மணமகள் மணமகனையும் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக, அவ்விருவரும் அறிந்த ஒரு மொழியில், ஒருவரையொருவர் நோக்கிச் சொன்னாலன்றி மணம் நிறைவுறாது. இருவரும் அறிந்த மொழி! தலைமுறை தலைமுறையாகப் பொருள் தெரியாத வடமொழி ஓசைக்குத் தலையசைத்து மணந்துவந்த ஒரு மக்கட்கூட்டத்திற்கு, தில்லியிற் பிறந்த சட்டம் ஒன்று இப்படிச் சொல்கின்றது. அலுவலகத்தில் எழுத்தர் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை நீட்டி, ‘இங்கே கையெழுத்துப் போடுங்கள், அடுத்தவர் நிற்கின்றார்’ என்று விரைவுபடுத்தக்கூடும். மணமக்கள் அஞ்ச வேண்டியதில்லை. ‘எங்கள் உறுதிமொழியை முதலில் தமிழிற் சொல்லிக்கொள்கின்றோம்’ என்று அமைதியாகக் கூறலாம். அவர்கள் கேட்பது எழுத்தரின் இரக்கத்தையன்று. சட்டம் எழுதிக் கொடுத்த உரிமையை.

அதே சொற்கள் மற்றொரு சட்டத்திலும் உள்ளன. 1967-இல் அண்ணா தலைமையில் அமைந்த அரசு, இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், இருவரும் அறிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லுதல், அல்லது மாலை மாற்றுதல், அல்லது விரலில் மோதிரம் அணிவித்தல், அல்லது தாலி கட்டுதல் ஆகியவற்றுள் ஒன்றே போதும். வேள்வித் தீயும் வேண்டா. ஏழடி நடத்தலும் வேண்டா. மந்திரம் ஓதுவாரும் வேண்டா. சட்டத்தில் இதற்குச் ‘சுயமரியாதைத் திருமணம்’ என்றும் ‘சீர்திருத்தத் திருமணம்’ என்றும் பெயர். (தன்மானம் என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்க, வடசொல்லே சட்டத்தில் ஏறிக்கொண்டது. மணத்திலிருந்து வடமொழியை வெளியேற்றிய சட்டத்தின் பெயரிலேயே அது மீண்டும் வந்து அமர்ந்துகொண்டது.) 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த தன்மானத் திருமணத்திலிருந்து எண்ணினால், இந்த ஒப்புதலுக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. இடையில், 1950-களில், சென்னை உயர்முறை மன்றம் அத்தகைய மணம் செல்லாதென்று தீர்ப்புரைத்தது. மணந்து மக்களைப் பெற்று வாழ்ந்துகொண்டிருந்தோர் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவராயினர். 1967-ஆம் ஆண்டுச் சட்டம் தனக்கு முன் நடந்த மணங்களையும் செல்லுபடியாக்கியது அவர்களை மீட்பதற்கே.

முன்னிலையில் இருப்போர் எத்தனை பேர் என்று 7-அ பிரிவு எண் எதுவும் குறிக்கவில்லை. வழக்கு அதனால் எழுந்தது. 2014-இல் சென்னை உயர்முறை மன்றம், வழக்குரைஞர் அறைகளில் மறைவாக நடத்தப்படும் மணம் இப்பிரிவின்படி செல்லாதென்று கூறிற்று. 2023 ஆகத்து 28 அன்று உச்ச முறைமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. ஊருக்கு அறிவித்து, பலர் காண நடத்த வேண்டுமென்னும் கட்டளை சட்டத்தில் இல்லை. குடும்பத்தின் எதிர்ப்புக்கு அஞ்சி நிற்கும் இருவரை அறிவித்து மணக்கச் சொல்வது அவர்களை இடருக்குள் தள்ளுவதாகும். வழக்குரைஞரும் நண்பர் என்னும் முறையில் உடனிருக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பின் எடையை அறிய 2016 மார்ச்சு 13-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையத்தை அடுத்த சாலையில், பட்டப்பகலில், பலர் கண்முன், சாதி கடந்து மணந்துகொண்ட இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். உடனிருந்த மனைவியும் வெட்டப்பட்டார். மணமாகி எட்டு மாதந்தான் ஆகியிருந்தது. விருந்தினரைக் குறைப்பது பணமுள்ளவர்க்குச் சிக்கனம், கடன்பட்டவர்க்கு விடுதலை. சாதி கடந்து மணப்பவர்க்கோ அது உயிர்க்காப்பு.

இருப்பினும், ‘ஊரறியாத மணம் ஒரு மணமா?’ என்று கேட்கும் முதியோரை எள்ளி ஒதுக்குவது அறமாகாது. அக்கேள்விக்குள் பெண்ணைப் பற்றிய கவலை ஒன்று உள்ளது. தொல்காப்பியர் கற்பியலில், மணச்சடங்காகிய கரணம், பொய்ம்மையும் பிழையும் மக்களிடையே தோன்றிய பின்னரே பெரியோரால் கட்டப்பட்டது என்கின்றார். கூடி வாழ்ந்துவிட்டு ‘இவளை அறியேன்’ எனும் ஆடவன் தோன்றினான். ஆகவே கரணம் வேண்டியதாயிற்று. குறுந்தொகையின் 25-ஆம் பாட்டில் கபிலர் காட்டும் தலைவி இந்த அச்சத்தைத்தான் சொல்கின்றாள். அவன் தன்னை மணந்த அன்று வேறெவரும் இல்லை; ஓடும் நீரில் மீன் பார்த்து நின்ற குருகு ஒன்றே இருந்தது; அவன் பொய்த்தால் அவள் யாரிடம் செல்வாள்? தமிழிலக்கியத்தில் இதனினும் சிறிய விருந்தினர் பட்டியல் இல்லை. அகநானூற்றின் 256-ஆம் பாட்டிலோ, கள்ளூரில் ஒரு பெண்ணின் நலத்தை நுகர்ந்துவிட்டு ‘அறியேன்’ என்று பொய்ச்சூள் உரைத்த ஒருவனை அவையத்தார் விடவில்லை. அறிந்த சான்றாளரை வினவி உண்மை தெளிந்து, அவனை மரக்கிளையிற் பிணித்துத் தலையில் நீறு கொட்டினர்.

கள்ளூர்ப் பெண்ணைக் காத்தவர் அறிந்து சொன்ன சான்றாளர். மண்டபத்தில் உண்டு கைகழுவிச் சென்ற ஆயிரவரில் எத்தனை பேர் நாளை ஒரு வழக்கில் வந்து நிற்பர்? மணமகளின் பெயரையே அறியாதவர் பாதிப்பேர். மூன்று கையெழுத்தும் ஒரு பதிவெண்ணும் அவர்கள் செய்யாததைச் செய்யும். தொல்காப்பியர் காலத்துக் கரணம் எதற்காகப் பிறந்ததோ அதற்காகவே இன்றைய பதிவேடும் பிறந்தது. கட்டியோர் வேறு, கரணியம் ஒன்றே.

பழஞ்சடங்கு பெண்ணைக் காக்கும் என்பாரும் 2001-இல் உச்ச முறைமன்றத்திற்கு வந்த வழக்கைக் கருதிப் பார்க்க. மனைவி இருக்க வேறொரு பெண்ணை மணந்த தமிழ்நாட்டார் ஒருவர், அந்த இரண்டாம் மணத்தில் தீயை வலம்வந்து ஏழடி நடக்கும் சடங்கு நிகழவில்லை, ஆதலால் அது மணமே அன்று, தாம் குற்றவாளியும் அல்லர் என்று வழக்காடினார். சடங்கின் குறையே அவருக்குத் தப்பும் வழியாயிற்று. 7-அ பிரிவின்படி தாலி கட்டியதே மணமாகும் என்று மன்றம் அவ்வழியை அடைத்தது. எளிய மணச்சட்டந்தான் முதல் மனைவிக்குத் துணைநின்றது.

சங்கத் தமிழர் மணத்தில் கூட்டமே இல்லையென்று எழுதுவாரும் உளர். அது உண்மையன்று, தமிழ்ப்பற்று பொய்யுரைக்கத் தரும் உரிமமும் அன்று. அகநானூறு 86-ஆம் பாட்டில் உழுந்து சேர்ந்த களியும் பெருஞ்சோறும் உண்டு. பந்தரும் புதுமணலும் விளக்கும் உண்டு. சுற்றத்தாரின் ஆரவாரமும் உண்டு. ஆனால் மணத்தை நிகழ்த்தியவர் யாவர்? மக்களைப் பெற்ற மகளிர் நால்வர். பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிந்து வாழ்த்தியதோடு மணம் முடிந்தது. அங்குத் தீ வளர்த்தவரும் இலர். வேறுமொழி ஓதினவரும் இலர். மொழிஞாயிறு பாவாணர் ‘தமிழர் திருமணம்’ என்று ஒரு நூலே எழுதியது இப்பழைய தெளிவை மீட்பதற்குத்தான்.

விருந்தினர்க்கு வரம்பு கட்டுவது நடவாத செயல் என்பார்க்கு 2020-ஆம் ஆண்டே விடை. கொரோனாத் தொற்றின்போது மணத்திற்கு ஐம்பதின்மருக்கு மேற்படக் கூடாதென்று அரசு ஆணையிட்டது. வீட்டு முற்றத்திலும் மாடியிலும் மணங்கள் நடந்தன. ஆயிரம் பேர் வாராமையால் எந்த மணமும் செல்லாமற் போகவில்லை. அதற்கு முன்னரும், 1960-களிலும் 1970-களிலும், உணவுத் தட்டுப்பாட்டின் பொருட்டு இந்தியாவின் பல மாநிலங்களில் விருந்தினர் கட்டுப்பாட்டு ஆணைகள் இருந்தன. தட்டுப்பாடு நீங்கியதும் ஆணையும் நீங்கிற்று. தொற்று ஓய்ந்ததும் பழைய கூட்டம் திரும்பிற்று. அரசு அச்சுறுத்தினால் ஐம்பது, இல்லாவிடில் ஆயிரம் என்பது தன்மானமுள்ளார் வழக்கமாகாது.

உண்மையான தடை மொய்தான். இருபது ஆண்டு கொடுத்ததைத் திரும்பப் பெறும் நாள் அது. அதை விட்டுவிடுக என்று ஏழைத் தந்தையிடம் சொல்வது எளிதன்று. இதற்கான வழியைப் புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டத்து உழவர் என்றோ கண்டுவிட்டனர். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு ஊர்ப்பக்கங்களில் ஆடித் திங்களில் மொய்விருந்து என்றே தனியாக ஒரு விருந்து வைக்கின்றனர். மணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. கணக்குத் தீர்ப்பதற்கென்றே விருந்து. அதனிடத்தும் குறைகள் உண்டு. எனினும், மொய்யை மணத்திலிருந்து பிரிக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது. பிரித்துவிட்டால் மணநாளில் வந்து நிற்பவர் மணமக்கள்மீது அன்புடையவராக மட்டுமே இருப்பர்.

இனி, சட்டத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். 7-அ பிரிவு ‘இந்துக்கள் இருவர்’ மணத்திற்கே உரியது. ஒருவர் கிறித்தவத் தமிழராகவோ இசுலாமியத் தமிழராகவோ இருந்தால் அக்கதவு மூடிக்கொள்கின்றது. ஒரே தெருவிற் பிறந்து ஒரே பள்ளியில் ஒரே தமிழைக் கற்ற இருவர், சமயப் பெயர் வேறு என்பதற்காக 1954-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குச் செல்ல வேண்டும். அங்கு 30 நாள் அறிவிப்பு உண்டு. அவர்களின் பெயரும் முகவரியும் அலுவலகத்தில் எவரும் காணும் இடத்தில் ஒட்டப்படுகின்றன. நிலையான குடியிருப்பு வேறு மாவட்டத்தில் இருந்தால் அந்த மாவட்டத்து அலுவலர்க்கும் படி அனுப்பி அங்கும் ஒட்டச் செய்கின்றனர். எவருக்கு அஞ்சி அவர்கள் ஊரைவிட்டு வந்தனரோ அவர் வாயிலுக்கே அரசு ஆள் அனுப்புவது போன்றது இது. 2021 சனவரியில் அலகாபாத்து உயர்முறை மன்றம், மணமக்கள் விரும்பினாலன்றி அறிவிப்பை வெளியிட வேண்டா என்று தீர்ப்பளித்தது. இந்தித் துறையின் நடுவூர் ஒன்றுக்குத் தோன்றிய தெளிவு, தன்மானத் திருமணம் பிறந்த நாட்டில் சட்டமாக வேண்டாவா?

அதற்கு வழியும் உண்டு. மணம் பொதுப்பட்டியலில் அடங்கியது. 1967-இல் சட்டம் இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது போல் மீண்டும் பெறலாம். எச்சமயத்தாராயினும் தமிழ்நாட்டார் இருவர் தாம் அறிந்த மொழியில், மூவர் சான்றாக, 30 நாள் விளம்பரமின்றி மணந்துகொள்ளவும், அன்றே பதிந்துகொள்ளவும் சட்டமன்றம் ஒரு சட்டம் செய்க. தமிழியக்கத்தார் கிளைதோறும் தீர்மானம் இயற்றிச் சட்டமன்ற உறுப்பினர்க்கு அனுப்ப வேண்டிய கோரிக்கை இது.

சட்டம் வரும்வரை காத்திராமல் இன்றே செய்யக் கூடியவை பல. அலுவலகத்தில் மணக்க எண்ணுவோர், இருவருள் ஒருவரேனும் அம்மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும் என்பதையும், அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதத்திற்குள் மணம் முடியாவிடின் மீண்டும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. அகவைச் சான்று, இருப்பிடச் சான்று, ஒளிப்படம் ஆகியவற்றைச் சான்றாளரும் தத்தமக்குரிய அடையாளச் சான்றையும் முன்னாளே எடுத்து வைத்தல் நலம். அலுவலகம் சிறியது, நிலம் விற்க வந்தவரும் மணம் செய்ய வந்தவரும் ஒரே பலகையில் அமர்ந்திருப்பர். ‘நல்ல நாள்’ பார்த்து ஆவணம் பதிவோர் நெரிக்கும் நாளைத் தவிர்த்து, ஊரார் அஞ்சி ஒதுக்கும் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தால் இடமும் கிடைக்கும், கொள்கையும் விளங்கும்.

7-அ பிரிவின் வழி வீட்டிலேயே மணப்போர் வீடு கொள்ளும் அளவிற்கு ஒரு வரம்பை இரு வீட்டாரும் கூடி முதலில் எழுதிவிடுக. முப்பதோ ஐம்பதோ எண்ணை முடிவு செய்த பின்னரே பெயர்களை எழுதுக. பெயர்களை முதலில் எழுதினால் எண் ஒருபோதும் அடங்காது. அழைக்க இயலாதவர்க்கு மணம் முடிந்த பின் ஓர் அறிவிப்பு மடல் விடுத்தால் மனத்தாங்கல் பெரிதும் குறையும். அழைப்பிதழே வேண்டாவென்று விட்டுவிடலும் ஆகாது. பதியச் செல்லும்போது மணம் நடந்ததற்குச் சான்றாக அழைப்பிதழையோ கோயில் பற்றுச்சீட்டையோ கேட்கும் வழக்கம் இருத்தலின், பத்துப் படியேனும் அச்சிடுக. அதில் ‘ஶ்ரீ’யும் ‘சிரஞ்சீவி’யும் ‘சௌபாக்கியவதி’யும் இல்லாமல் திருநிறைச்செல்வன், திருநிறைச்செல்வி என்றிருக்கட்டும். தலைமை தாங்கும் பெரியவர் ஒரு மணி நேரம் சொற்பொழிவாற்ற வேண்டா. திருக்குறளின் வாழ்க்கைத் துணைநலத்திலிருந்து இரண்டு குறளை மணமக்களையே படிக்கச் செய்து, உறுதிமொழியை அவர்கள் வாயாலேயே கூறச் செய்தால் போதும். குனிந்த தலை நிமிராமல் மணமகள் முணுமுணுத்துவிட்டுப் போகாமல், அங்கிருக்கும் முப்பதின்மரும் கேட்கச் சொல்லட்டும்.

சான்றாளர் மூவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். ஒருவர் மணமக்களின் அகவையினராக இருப்பின், நாற்பது ஆண்டு கழிந்தும் அந்த மணத்தை நேரில் கண்டவர் ஒருவர் இருப்பார். பதிவேட்டில் மூவரும் தமிழிலேயே கையெழுத்திடுக. பெயருக்கு முன்னிற்கும் எழுத்தும் தமிழெழுத்தாகவே இருக்கட்டும்.